ஒரே கணினியில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி மொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அலுவலகக் கணினிகள் பலவும் ஒரே நாளில் இரண்டு மொழிகளில் வேலை செய்கின்றன. கணக்கு ஆங்கிலத்தில் போடப்படுகிறது. அழைப்பிதழும் கடிதமும் துண்டறிக்கையும் தமிழில் அடிக்கப்படுகின்றன. அத்தகைய கணினியில் எல்லா மென்பொருள்களையும் ஒரே மொழிக்குள் அடைத்து வைக்க வேண்டியதில்லை. அச்சகங்களிலும் வீடுகளிலும் கணினிகளைச் சீர்செய்து கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தந்துள்ளேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

‘மொழியை மாற்றுவது’ என்றால் உண்மையில் எதை மாற்றுகிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ‘மொழி’ என்ற ஒரே சொல்லுக்குள் 5 வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன. பட்டிகளும் பொத்தான்களும் பிழைச் செய்திகளும் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது காட்சி மொழி. தேதி, எண், நாணயம், தாளின் அளவு ஆகியவை எந்த நாட்டு வழக்கப்படி இருக்க வேண்டும் என்பது வட்டார வடிவம். விசையை அழுத்தினால் எந்த எழுத்து விழ வேண்டும் என்பது உள்ளீட்டு முறை. தட்டிய உரையை எந்த மொழியாகக் கருதி எழுத்துப்பிழை பார்க்க வேண்டும் என்பது ஆவண மொழி. எழுத்துகளை எந்த எண்களாகச் சேமிக்க வேண்டும் என்பது குறியாக்கம்.

இவை ஒவ்வொன்றுக்கும் அமைப்பிடம் வேறு. தமிழில் தட்டச்சு செய்வதற்குக் காட்சி மொழியைத் தமிழாக்கத் தேவையில்லை. காட்சி மொழியைத் தமிழாக்கியதால் விசைப்பலகை தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்கு மாறிவிடுவதும் இல்லை. எந்தச் சிக்கலானாலும், இந்த ஐந்தில் எது என்று முதலில் அடையாளம் கண்டுகொண்ட பிறகே எதையும் தொட வேண்டும்.

ஒரு மென்பொருளுக்காகக் கணினி முழுவதன் அமைப்பையும் மாற்றினால் என்ன கெட்டுவிடும்?

திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அச்சகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதாக வாங்கிய ஒரு வெட்டும் இயந்திரத்தின் மென்பொருள், எண்களைச் சரியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, விண்டோஸின் வட்டார வடிவத்தை ஆங்கிலம்–இந்தியா என்பதிலிருந்து ஆங்கிலம்–அமெரிக்கா என்று யாரோ மாற்றிவிட்டிருந்தார். இயந்திரம் ஓடியது. ஆனால் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அதே கணினியில் எக்செலில் பற்றுச்சீட்டுப் பட்டியலைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தார். அவர் 05/06/2023 என்று தட்டிய ஜூன் 5, மே 6 ஆகச் சேமிக்கப்பட்டது. 25/06/2023 என்று தட்டியதை எக்செல் தேதியாகவே ஏற்கவில்லை. 25 ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை வெறும் உரையாக வைத்துக்கொண்டது.

கூர்ந்து பார்த்தால் அடையாளம் தெரியும். தேதியாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலது ஓரத்திலும், உரையாக நின்றவை இடது ஓரத்திலும் ஒட்டியிருக்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்து கிடந்தால், நடுவில் வட்டார வடிவம் மாற்றப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். வடிவத்தைப் பழையபடி ஆக்குவதால் ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை சரியாகிவிடா. உரையாக நிற்பவற்றை ‘டேட்டா’ பட்டியில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ கருவியின் மூன்றாம் படியில் நாள்–மாதம்–ஆண்டு என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்து மீட்டுவிடலாம். நாளும் மாதமும் இடம் மாறிப் பதிந்தவற்றை மூலச்சீட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும். அந்த அச்சகத்தில் அதற்கு இரண்டு முழு நாட்கள் ஆயின. ஆகவே, ஒரு மென்பொருளுக்கு வேண்டியதை அந்த மென்பொருளுக்குள்ளேயே செய்ய முடியுமா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

விண்டோஸில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு பொது இடம் உண்டா?

இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் காட்சி மொழி பயனர் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அமைவது. மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் அமைவதில்லை. ஆனால் நாள்தோறும் பயன்படும் மென்பொருள்கள் பலவற்றில் அவற்றுக்கே உரிய மொழித் தேர்வு இருக்கிறது. கிம்ப், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி மூன்றிலும் ‘எடிட்’ பட்டியின் ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற தலைப்பின் கீழ் அது உள்ளது. விஎல்சியில் ‘டூல்ஸ்’ பட்டியின் ‘பிரிஃபரன்சஸ்’ திறந்தவுடன் முதல் பக்கத்திலேயே தெரியும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லாங்குவேஜ்’ என்று போனால் காட்சி மொழிக்கு ஒரு பட்டியலும், எழுதும் மொழிகளுக்கு இன்னொரு பட்டியலும் இருக்கும். முதலாவதை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு இரண்டாவதில் தமிழைச் சேர்ப்பதே பெரும்பாலோருக்குப் போதுமானது. டேலியிலும் காட்சி மொழி வேறு, தரவு பதியும் மொழி வேறு என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றில் மென்பொருளை முழுவதும் மூடித் திறந்த பிறகே மாற்றம் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘உங்கள் உரிமம் ஒரே ஒரு காட்சி மொழியை மட்டுமே அனுமதிக்கிறது’ என்ற பொருளில் விண்டோஸ் செய்தி காட்டுகிறது. என்ன செய்வது?

உங்கள் கணினியில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பு. கடைகளில் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இதுதான் நிறுவப்பட்டு வருகிறது. இதில் விண்டோஸின் காட்சி மொழியை மட்டுமே மாற்ற இயலாது. தமிழ் விசைப்பலகை, தமிழ் எழுத்துரு, வட்டார வடிவம், மேலே சொன்ன மென்பொருள்களின் தனி மொழித் தேர்வுகள் ஆகிய அனைத்தும் வழக்கம்போல வேலை செய்யும். விண்டோஸின் தமிழ் மொழித்தொகுப்பும் முழுமையான மொழிபெயர்ப்பு அன்று; பல பகுதிகள் ஆங்கிலத்திலேயே வரும். ஆகவே இதற்காக மட்டும் பணம் செலவழித்து வேறு பதிப்புக்கு மாறுமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை.

லிப்ரெஆஃபிஸில் தமிழையும் ஆங்கிலத்தையும் எப்படிப் பிரித்து அமைப்பது?

தனி மென்பொருளுக்குத் தனி மொழி என்பதை முறையாகச் செய்து காட்டியிருக்கும் இலவச அலுவலக மென்பொருள் இதுவே. ‘டூல்ஸ்’ பட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, மொழிகளுக்கான பகுதிக்குப் போனால் காட்சி மொழிக்கு ஒரு தேர்வும், வட்டாரத்துக்கு ஒரு தேர்வும், ஆவணங்களின் இயல்பு மொழிக்கு மூன்று தேர்வுகளும் தனித்தனியே இருக்கும். விண்டோஸ் எந்த வட்டாரத்தில் இருந்தாலும் லிப்ரெஆஃபிஸின் வட்டாரத்தை ஆங்கிலம்–இந்தியா என்று வைத்துக்கொள்ளலாம். தேதிகளை எந்த வரிசையில் தட்டினால் ஏற்க வேண்டும் என்பதைக்கூட அங்கேயே எழுதிவைக்க ஒரு பெட்டி உண்டு. திருவல்லிக்கேணி அச்சகத்தின் பற்றுச்சீட்டுப் பட்டியல் இப்போது லிப்ரெஆஃபிஸில் இருப்பதற்கு இதுவே காரணம்.

காட்சி மொழிப் பட்டியலில் தமிழ் தென்படவில்லை என்றால் அது நிறுவப்படவில்லை என்று பொருள். விண்டோஸில் நிறுவியை மீண்டும் ஓட்டி, ‘கஸ்டம்’ முறையைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் காட்சி மொழிகளில் தமிழைக் குறிக்க வேண்டும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் இதற்கென்று ஒரு தனித் தொகுப்பு இருக்கிறது.

ஆவண மொழி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பது பலரைக் குழப்புகிறது. ஆங்கிலம் போன்றவை மேற்கத்திய மொழிகளில் அடங்கும். சீனம், சப்பானியம் போன்றவை ஆசிய மொழிகளில் அடங்கும். தமிழ் ஆசிய மொழிதானே என்று அந்தப் பட்டியலில் தேடுபவர்களுக்கு அது கிடைக்காது. எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறும் மொழிகளுக்கான ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற மூன்றாவது பட்டியலில்தான் தமிழ் இருக்கிறது. இந்தப் பிரிவு எழுத்துருவுக்கும் பொருந்தும். ஒரு பத்தியின் பாணியில் எழுத்துரு அளவை 14 என்று மாற்றியும் தமிழ்ச் சொற்கள் மட்டும் பழைய அளவிலேயே நிற்கின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மாற்றியது மேற்கத்திய எழுத்துருவின் அளவை. அதே பக்கத்தில் மூன்றாவது வகைக்கு என்று தனியாக ஓர் எழுத்துருப் பெயரும் ஓர் அளவும் இருக்கும். இரண்டையும் மாற்றினால் பத்தி சீராகிவிடும்.

ஒரே ஓர் ஆவணத்துக்கு மட்டும் வேறு மொழி வேண்டுமானால், இயல்பு மொழிகளுக்குக் கீழே ‘இந்த ஆவணத்துக்கு மட்டும்’ என்ற பொருளில் உள்ள கட்டத்தைக் குறித்தால் போதும்.

எக்செலில் மட்டும் தனி வட்டாரம் வைக்க முடியுமா?

முழுமையாக முடியாது. தட்டும் தேதியை எந்த வரிசையில் புரிந்துகொள்வது என்பதை எக்செல் விண்டோஸிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. தசமப் புள்ளியையும் இலக்கப் பிரிப்பானையும் மட்டும் ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘சிஸ்டம் பிரிப்பான்களைப் பயன்படுத்து’ என்ற பொருளில் உள்ள குறியை எடுத்துவிட்டு மாற்றலாம். ஒரு கட்டத்தில் தேதி எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பதைக் கட்ட வடிவமைப்பில் வட்டாரத்தைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்து அமைக்கலாம். அது தோற்றத்தை மட்டுமே மாற்றும், உள்ளே இருக்கும் மதிப்பைத் தொடாது. 12,34,567 என்று இலட்ச முறையில் எண்கள் பிரிய வேண்டுமானால் விண்டோஸின் வட்டார வடிவம் இந்தியாவாக இருப்பதே நேரான வழி.

ஒரு சாளரத்தில் தமிழ் விசைப்பலகையும் அடுத்ததில் ஆங்கில விசைப்பலகையும் தாமாக மாற வேண்டும். முடியுமா?

முடியும். விண்டோஸ் 11 இல் ‘டைம் அண்டு லாங்குவேஜ்’ பிரிவில் ‘டைப்பிங்’, அதற்குள் விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகள் என்று போனால், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறையைப் பயன்படுத்தலாம் என்ற தேர்வு இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் வேர்டில் தமிழ்99 வைத்துவிட்டு எக்செலுக்குப் போனாலும் ஒவ்வொரு சாளரமும் தன் விசைப்பலகையை நினைவில் வைத்திருக்கும். இந்தக் குறி இயல்பாக எடுக்கப்பட்டே இருப்பதால், கடவுச்சொல்லைத் தமிழில் தட்டிவிட்டுத் திகைக்கும் நிலை பலருக்கும் ஏற்படுகிறது.

லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தில் விசைப்பலகை அமைப்புகளில் இதே தேர்வு சாளரவாரியாக உண்டு. மேக்கில் உள்ளீட்டு மூலங்களுக்கான பகுதியில், ஆவணத்தின் உள்ளீட்டு மூலத்துக்குத் தானாக மாறு என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது.

விண்டோஸில் ‘தமிழ்’ என்று மட்டும் சேர்த்தால், இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை வரக்கூடும். 1999 ஆம் ஆண்டு நம் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 முறை வேண்டுமானால், தமிழுக்கான மொழி விருப்பங்களுக்குள் சென்று அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தேவையில்லாத இன்ஸ்கிரிப்டை அங்கேயே நீக்கிவிடலாம். நீக்காமல் விட்டால் விசைப்பலகை மாற்றும் ஒவ்வொரு முறையும் அது நடுவில் வந்து நிற்கும்.

மேக் கணினியில் எப்படி?

2019 இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து இதற்குப் பொது இடமே உண்டு. ‘லாங்குவேஜ் அண்டு ரீஜன்’ பக்கத்தில் செயலிகளுக்கான பட்டியல் இருக்கும். கூட்டல் குறியை அழுத்திச் செயலியையும் அதன் மொழியையும் தேர்ந்தெடுத்தால் போதும். செயலியை உருவாக்கியவர்கள் அந்த மொழியில் வெளியிட்டிருந்தால் மட்டுமே அது பட்டியலில் தென்படும்.

லினக்ஸில் ஒரே ஒரு மென்பொருளை மட்டும் தமிழில் திறப்பது எப்படி?

லினக்ஸில் இது மிக எளிது. அதே நேரத்தில் சிறு தவறுகளுக்கும் இடம் அதிகம். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மென்பொருள் தொடங்கும்போது சூழல் மாறிகள் எனப்படும், பெயரும் மதிப்பும் கொண்ட சில குறிப்புகளைப் படித்துத் தன் மொழியை முடிவு செய்கிறது. ‘லாங்’ என்பது எல்லாவற்றுக்குமான அடிப்படை மாறி. அதன் பெயர் எல், ஏ, என், ஜி ஆகிய 4 எழுத்துகள் மட்டுமே. ‘எல்சி’ என்று தொடங்கி, அடிக்கோட்டுக்குப் பின் ‘டைம்’, ‘நியூமெரிக்’, ‘பேப்பர்’, ‘கொலேட்’, ‘மெசேஜஸ்’ என்று முடிபவை முறையே தேதி, எண், தாள், அகரவரிசை, செய்தி ஆகிய கூறுகளுக்கு உரியவை. ‘எல்சி_ஆல்’ இவை அனைத்தையும் மேவி நிற்கும். முழுச் சொல்லாக எழுதப்படும் ‘லாங்குவேஜ்’ மாறி காட்சி மொழிக்கு மட்டுமே உரியது. செய்திகளைப் பொறுத்தவரை அதற்கே முதலிடம். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை முக்காற்புள்ளியால் பிரித்து முன்னுரிமை வரிசையில் அதில் எழுதலாம்.

தமிழின் மொழிக்குறி டி, ஏ என்ற இரண்டு எழுத்துகள். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் ‘லாங்குவேஜ்’ என்று பெரிய எழுத்துகளில் தட்டி, சமக்குறி இட்டு, இந்த இரண்டு எழுத்துகளையும் சிறிய எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு மென்பொருளின் பெயரைத் தட்டினால், அது மட்டும் தமிழில் திறக்கும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இருக்கக் கூடாது. தேதியும் எண்ணும் பழையபடியே இருக்கும்; நமக்கு வேண்டியதும் அதுவே.

அடிப்படை வட்டாரம், எந்த நாட்டையும் குறிக்காத ‘சி’ என்ற ஒற்றை எழுத்தில் இருந்தால் ‘லாங்குவேஜ்’ மாறி புறக்கணிக்கப்படும். மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பு நிறுவப்படாமல் இருந்தாலும் பயனில்லை. உபுண்டுவில் பல மொழிபெயர்ப்புகள் தனி மொழித்தொகுப்பில் வருகின்றன. ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக நிறுவியவற்றில் கணினியின் மொழிக்குரிய மொழிபெயர்ப்புகள் மட்டுமே இறங்குவதால், ஃபிளாட்பேக்கின் ‘லாங்குவேஜஸ்’ அமைப்பில் ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்துவிட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் முனையத்தில் தட்டாமல் இருக்க, மென்பொருளைத் திறக்கும் கட்டளை எழுதப்பட்டிருக்கும் டெஸ்க்டாப் கோப்பைப் பொதுக் கோப்புறையிலிருந்து உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் உள்ள ‘அப்ளிகேஷன்ஸ்’ கோப்புறைக்கு நகலெடுத்து, அதில் ‘எக்ஸெக்’ என்று தொடங்கும் வரியில் சமக்குறிக்கு அடுத்து ‘என்வ்’ என்ற சொல்லையும் மேற்சொன்ன மாறியையும் செருகுங்கள். மூலக் கோப்பைத் திருத்த வேண்டாம். அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துவிடும். க்னோம் செயலிகள் சிலவற்றில் இப்படிச் செய்தும் ஒன்றும் மாறாது. அந்தக் கோப்பிலேயே ‘டிபஸ் ஆக்டிவேட்டபிள்’ என்ற வரி ‘ட்ரூ’ என்று இருந்தால் ‘எக்ஸெக்’ வரி படிக்கப்படுவதே இல்லை. அதை ‘ஃபால்ஸ்’ என்று ஆக்க வேண்டும். செயலி ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தாலும் புதிய சாளரம் பழைய மொழியிலேயே வரும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது.

லினக்ஸின் இன்னொரு மேசைத்தளமான கேடிஇயின் மென்பொருள்களுக்கு இவை எதுவும் வேண்டாம். ‘ஹெல்ப்’ பட்டியிலேயே அந்தச் செயலியின் மொழியை மாற்றும் வழி இருக்கிறது.

கணினி ஆங்கிலத்தில் இருந்தும் அச்சிடும்போது ஓரம் வெட்டுப்படுகிறது. இதற்கும் மொழிக்கும் தொடர்பு உண்டா?

லினக்ஸில் உண்டு. ஆங்கிலம்–அமெரிக்கா வட்டாரத்தின் இயல்பான தாள் ‘லெட்டர்’; நாம் பயன்படுத்துவது ஏ4. ‘எல்சி_பேப்பர்’ மாறியை மட்டும் ஆங்கிலம்–இந்தியா என்று வைத்தால் போதும்.

பிழைச் செய்தி தமிழில் வருகிறது. இணையத்தில் தேடினால் விடை கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?

அந்த ஒரு முறை மட்டும் மென்பொருளை ஆங்கிலத்தில் திறந்து, அதே பிழையை மீண்டும் வரவழைத்து, ஆங்கிலச் செய்தியைத் தேடுங்கள். லினக்ஸில் ‘எல்சி_ஆல்’ மாறிக்கு ‘சி’ என்று மதிப்புத் தந்து திறந்தால் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். தமிழில் வேலை செய்வதை இதற்காக யாரும் கைவிட வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தினால் வரிசை தவறாக வருகிறதே?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியாக்கமான யூனிக்கோடின் அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. நமக்கு ‘ன’ மெய்வரிசையின் கடைசி எழுத்து. அட்டவணையிலோ அது ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் இருக்கிறது. வட்டாரத்தைக் கருதாமல் எண் வரிசையில் அடுக்கும் மென்பொருள், ‘கனகா’வை முன்னும் ‘கமலா’வைப் பின்னும் வைக்கும். தமிழ் வரிசைப்படி ‘ம’ முன்னால் வருவதால் ‘கமலா’தான் முதலில் வர வேண்டும். வாக்காளர் பட்டியலானாலும் நூலகப் பட்டியலானாலும் இந்தத் தவறு பெயரைத் தேடுபவருக்கு நேரடியான இடைஞ்சல்.

லிப்ரெஆஃபிஸ் கால்க்கில் ‘டேட்டா’ பட்டியின் ‘சார்ட்’ பெட்டியில் ‘ஆப்ஷன்ஸ்’ தாவலுக்குப் போனால், அந்த ஒரு வரிசைப்படுத்தலுக்கு மட்டும் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்கலாம். வேறு எந்த அமைப்பும் மாறாது. பட்டியலை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ‘கமலா’, ‘கனகா’ என்ற இரண்டு பெயர்களை மட்டும் தட்டி வரிசைப்படுத்திப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

தமிழுக்குப் பதில் வேறு ஏதோ தெரிகிறது. எதைச் சரிசெய்வது?

என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் உரை நன்றாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு தமிழுக்கு இயல்பாகவே வருகிறது. லதா, விஜயா இரண்டையும் விண்டோஸ் 10 இல் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பக் கூறாகத் தனியே நிறுவ வேண்டும். பழைய ஆவணம் லதாவில் இருந்து தோற்றம் மாறிப்போனால் காரணம் இதுவே.

மேற்கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் அடர்ந்து தெரிந்தால் குறியாக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் யூனிக்கோடின் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்கும்போது இப்படி ஆகும். அதை மூடிவிட்டு, ‘டேட்டா’ பட்டியில் உரைக் கோப்பிலிருந்து கொணரும் வழியைத் தேர்ந்தெடுத்து, கோப்பின் மூலம் 65001 என்று குறித்தால் தமிழ் ஒழுங்காக வரும். உரை பாமினி, டாப், திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்தாலும் வேற்றெழுத்துகள் தெரியும். அதற்கு எழுத்துருவை மாற்றுவதைவிட, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியால் யூனிக்கோடாக ஆக்கிக்கொள்வதே நிலையான தீர்வு.

வெறும் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால், சேமிக்கும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன. அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும்.

பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை இன்னும் பயன்படுத்துகிறோம். ‘யூனிக்கோடு அல்லாத நிரல்களுக்கான மொழி’ என்பதைத் தமிழாக மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. அந்த அமைப்பு, யூனிக்கோடு அறியாத பழைய நிரல்களுக்கு எந்தக் குறியாக்கப் பக்கத்தைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பழைய குறியாக்கப் பக்கமே கிடையாது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து வேலை செய்பவை. அவற்றுக்கு ஆங்கில அமைப்பே பொருத்தம். அதே பெட்டியில் உலகளாவிய மொழி ஆதரவுக்காக யூடிஎஃப்-8 பயன்படுத்தலாம் என்று ஒரு சோதனைத் தேர்வும் இருக்கிறது. பேஜ்மேக்கர் உள்ள கணினியில் அதைக் குறிக்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களைப் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களின் உரை குலைந்துவிடும். இந்த அமைப்பு கணினி முழுவதற்கும் பொருந்துவது, மறுதொடக்கமும் தேவைப்படுவது.

ஃபோட்டோஷாப்பில் தமிழ் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. மொழியை மாற்ற வேண்டுமா?

காட்சி மொழியைத் தொட வேண்டாம். ‘பிரிஃபரன்சஸ்’, ‘டைப்’ பகுதியில் உரை இயந்திரத்தை ‘வேர்ல்டு–ரெடி லேஅவுட்’ என்று மாற்றுங்கள். சில பதிப்புகளில் அது மத்திய கிழக்கு, தெற்காசியா என்ற பெயரில் இருக்கும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியில் ‘வேர்ல்டு–ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உலாவியில் பட்டி ஆங்கிலத்திலும் இணையப் பக்கங்கள் தமிழிலும் வர வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் இரண்டுக்கும் தனித்தனித் தேர்வுகள் அமைப்புகளின் முதல் பக்கத்திலேயே உள்ளன. பக்கங்களுக்கான பட்டியலில் தமிழை முதலிலும் ஆங்கிலத்தை அடுத்தும் வையுங்கள். குரோமில் காட்சி மொழியை விண்டோஸில் மட்டுமே அமைப்புகள் வழியாக மாற்றலாம்; மேக்கிலும் லினக்ஸிலும் அது கணினியின் மொழியைப் பின்பற்றும். நீங்கள் உள்நுழைந்திருக்கும் தளங்கள் உங்கள் கணக்கில் குறித்த மொழியையே பெரும்பாலும் பார்க்கும் என்பதால், உலாவியில் எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் ஆங்கிலத்தில் வந்தால் கணக்கின் அமைப்பைப் பாருங்கள்.

வீட்டில் ஒரே கணினி. அம்மாவுக்கு எல்லாமே தமிழில் வேண்டும், எனக்கு ஆங்கிலத்தில் வேண்டும்.

அவருக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். காட்சி மொழி, வட்டார வடிவம், விசைப்பலகை, பெரும்பாலான மென்பொருள்களின் அமைப்புகள் அனைத்தும் கணக்குக்கு உட்பட்டவை. ஒருவர் மாற்றியது மற்றவரைத் தொடாது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் இப்படி அமைத்துக் கொடுத்த பிறகு, பேரன் பாடத்துக்கு உட்காரும்போதெல்லாம் பாட்டியின் தமிழ் மாற்றப்படுவது நின்றது.

தவறுதலாகப் படிக்கத் தெரியாத ஒரு மொழிக்கு மாற்றிவிட்டேன். திரும்ப வருவது எப்படி?

மாற்றுவதற்கு முன்பே அந்த அமைப்புப் பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பட்டிகளின் இடமும் வரிசையும் மொழி மாறினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை, எத்தனையாவது வரி என்று எண்ணிப் போய்விடலாம். படம் இல்லையென்றால், அதே மென்பொருள் உள்ள வேறொரு கணினியை அருகில் வைத்துக்கொண்டு இடம் பார்த்து அழுத்துங்கள். லினக்ஸில் ‘லாங்குவேஜ்’ மாறிக்கு ஆங்கிலக் குறியான இ, என் கொடுத்து மென்பொருளைத் திறக்கலாம். விண்டோஸின் வட்டாரப் பெட்டியைத் திறக்க எந்த மொழியையும் படிக்க வேண்டியதில்லை: விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, வரும் கட்டத்தில் ஐ, என், டி, எல், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளியின்றித் தட்டி என்டரை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் முதல் தாவலில் மேலே உள்ள பட்டியல் வட்டார வடிவத்துக்கு உரியது. கடைசித் தாவலில் கீழே உள்ள பொத்தான் யூனிக்கோடு அல்லாத நிரல்களுக்கு உரியது.